அன்செல்முக்கு வைத்த தட்டு

நர்ஸ் வெர்னெட்டுக்கு ஒரு எண்ணம் உண்டு: நோட்டில் எழுதாத காரியம் உருப்படாது. முப்பத்தைந்து வருஷம் எங்கள் கரியாக்கூ தீவில் பிரசவம் பார்த்துவிட்டு ஓய்வு பெற்றவள். எந்தப் பிள்ளை எத்தனை மணிக்குப் பிறந்தது, என்ன எடை, கழுத்தில் கொடி சுற்றியிருந்ததா என்பதெல்லாம் அவள் அலமாரியில் அடுக்கடுக்காக இருக்கிறது. அந்த நோட்டுப் புத்தியை நம்பித்தான் ஆல்டன் அவள் வீட்டுக்கு வந்தான்.

ஆல்டன் கட்டிய பாய்க்கப்பல் போன மே மாதம் விண்ட்வர்ட் கடற்கரையில் தண்ணீரில் இறங்கியது. ஐம்பத்திரண்டு அடி நீளம், ஒற்றைப் பாய்மரம், 'ஹெஸ்டர் பி.' என்று போய்ச் சேர்ந்த அவன் அம்மாவின் பெயர். எங்கள் தீவில் கப்பல் என்றால் சிமெண்டு மூட்டையும் ஆட்டையும் ஏற்றத்தான் என்று இருந்தது. ஆல்டனோ ஆட்களை ஏற்றிக்கொண்டு தீவு தீவாகச் சுற்றிக் காட்டப் போகிறேன் என்றான். கனடாவிலிருந்து ஆறு பேர் வருகிறோம் என்று சொல்லியும் விட்டார்கள். பிப்ரவரியில் மூன்றாவது திங்கள்கிழமை கிளம்பி ஐந்து நாள். தேதி மட்டும் முடிவாகியிருந்தது, மற்றதெல்லாம் அந்தரத்தில் தொங்கியது.

"காத்து எந்தப் பக்கம் அடிக்குதோ அந்தப் பக்கம் போவோம் நர்ஸம்மா. இதுல திட்டம் போட என்ன இருக்கு?" என்றான்.

"ஆறு பேரு ஒரு நாளைக்கு எத்தனை தடவை ஒண்ணுக்குப் போவாங்கன்னு யோசிச்சியா?"

யோசிக்கவில்லை. கப்பலில் கக்கூஸ் ஒன்றுதான், அதன் கதவும் சரியாகச் சாத்தாது என்று அப்போதுதான் ஒப்புக்கொண்டான். வெர்னெட் பேனாவை எடுத்தாள்.

மூன்று வாரம் அவள் சமையலறை மேஜை முழுக்க அந்தப் பயணமாகவே இருந்தது. ஆளுக்கு நாளைக்கு ஒரு காலன் குடிதண்ணீர், கழுவ அரை காலன். எலுமிச்சை நாற்பது. வாந்திக்கு இஞ்சி மிட்டாய், அதையும் மீறி எடுப்பவர்களுக்கு வாளி நான்கு. காற்றில் தொப்பி பறந்துவிட்டால் கொடுக்க மாற்றுத் தொப்பி ஆறு. கடல் கொந்தளிக்கும் நாளில் என்ன சமைப்பது, அமைதியான நாளில் என்ன சமைப்பது என்று தனித்தனியே இரண்டு பக்கம். ஆல்டன் சிரிப்பான், ஆனால் ஒவ்வொரு நாளும் வந்து புதிதாக என்ன எழுதியிருக்கிறாள் என்று பார்க்காமல் போகமாட்டான்.

வழியையும் அவளே போட்டாள். முதல் நாள் யூனியன் தீவு, அது வேறு நாடு என்பதால் அங்கே கிளிஃப்டனில் கடவுச்சீட்டுக்கு முத்திரை. இரண்டாம் நாள் முழுக்க மேரோ தீவு. அதற்கப்புறம் ஆமைகள் மேயும் டொபேகோ கேஸ் தீவுகள், பிறகு கனுவான், கடைசி நாள் நேரே வீடு.

மேரோவில் எதற்கு ஒரு முழு நாள் என்று ஆல்டனுக்குப் புரியவில்லை. குன்றின் மேல் ஒரு மாதா கோயில், சுற்றி முந்நூறு பேர், அவ்வளவுதான் ஊர். காலையில் இறங்கினால் மத்தியானத்துக்குள் எல்லாரோடும் பேசி முடித்துவிடலாம்.

"இருக்கட்டும்" என்றாள் வெர்னெட், நோட்டிலிருந்து தலையைத் தூக்காமல்.

அந்த இருக்கட்டுமுக்குப் பின்னால் முப்பது வருஷம் இருந்தது. எண்பத்தேழு ஆகஸ்டில் ஹெஸ்டருக்குத் தலைப்பிரசவம். அவள் அப்போது பெட்டிட் மார்ட்டினிக் தீவில் இருந்தாள், எங்கள் கரைக்கு எதிரே மூன்று மைல். வெர்னெட் போய்ப் பிள்ளையை எடுத்து, குளிப்பாட்டி, தாய் பக்கத்தில் போட்டுவிட்டு, காலையில் ஒரு சின்ன இயந்திரப் படகில் வீட்டுக்குக் கிளம்பினாள். அந்தப் பிள்ளைதான் ஆல்டன். நடு வழியில் மழையும் காற்றுமாக வந்து படகைக் கவிழ்த்துவிட்டது. படகுக்காரனும் அவளும் கவிழ்ந்த படகின் முதுகைப் பிடித்துக்கொண்டு, நீரோட்டம் இழுத்த இழுப்புக்குப் போனார்கள். எங்கள் தீவின் வடக்கு முனை கண்ணெதிரே வந்து கண்ணெதிரே போயிற்று. ஏழு மணி நேரம் யாரும் பார்க்கவில்லை.

யூனியனுக்கு மேற்கே மீன் பிடித்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்த மேரோக்காரர் ஒருவர்தான் பார்த்தார். அவருடையதும் சின்னப் பாய்ப்படகு. மூன்று பேரைத் தாங்காது என்று பிடித்த மீனையெல்லாம் அள்ளிக் கடலில் கொட்டினார். வெர்னெட்டின் சீருடை கிழிந்து தொங்குவதைப் பார்த்து, முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு தன் சட்டையைக் கழற்றி நீட்டினார். வெள்ளையில் நீலக் கோடு போட்ட நல்ல சட்டை. தூக்கில் இருந்த நாலு பொரித்த ரொட்டியையும் இவர்களுக்கே கொடுத்தார். மேரோ பக்கத்தில் இருந்தும், இவர்கள் வீட்டில் தேடுவார்களே என்று எதிர்க்காற்றில் பாயை மாற்றி மாற்றிப் போட்டு எங்கள் ஹில்ஸ்பரோ துறைக்கே கொண்டுவந்தார். அவர் பெயரை அவள் கேட்டபோது, மேல் உதட்டுத் தழும்பு நெளியச் சிரித்து, அன்செல்ம் என்றார். துறையில் ஊரே நின்றது. அவளைப் போர்வையில் சுற்றி ஆஸ்பத்திரிக்குத் தூக்கினார்கள். அந்த இரைச்சலில் அவள் திரும்பிப் பார்ப்பதற்குள் பாய் தூரத்தில் போய்க்கொண்டிருந்தது.

ஒரு நன்றி சொல்லவில்லை. அது அவள் நெஞ்சில் முள்ளாகத் தங்கிவிட்டது. அதைவிடக் கேவலம், அந்த நாளுக்கப்புறம் அவள் படகில் கால் வைக்கவே இல்லை. பெரிய தீவான கிரெனடாவுக்குப் போக வேண்டுமென்றால் குட்டி விமானம். எதிர்க்கரைப் பிரசவங்களுக்கு வேறு நர்ஸை அனுப்பச் சொல்லி மேலே எழுதிக் கேட்டு வாங்கிக்கொண்டாள். தீவில் பிறந்து கடலுக்குப் பயந்த ஒரே நர்ஸ் என்று ஊர் அவளைக் கிண்டல் செய்யும். அவளும் சேர்ந்து சிரிப்பாள். ஆனால் ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் அந்தச் சட்டையைப் பெட்டியிலிருந்து எடுத்துத் துவைத்து, தேய்த்து, மடித்து வைப்பாள். யாரிடமாவது கொடுத்தனுப்பலாமே என்று கேட்டால் முகம் மாறிவிடும். நன்றியை அடுத்தவர் கையில் கொடுத்து அனுப்புவதாவது.

ஆல்டனுக்கு இந்தக் கதை தெரியாமலா இருக்கும்? ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் கேக்கில் முதல் துண்டை வெட்டி, "உன்னை எடுக்க வந்துதான் அவ சாகப் பாத்தா, ஓடிப்போய் குடுத்துட்டு வா" என்று ஹெஸ்டர் அவனை அனுப்பிய வீடு இது. மேரோ ஏன் என்று இரண்டு நாளில் அவனே கண்டுபிடித்துவிட்டான். பயணிகள் பட்டியலில் ஆறு பேருக்குக் கீழே, தன் கோணல் எழுத்தில், ஏழு என்று போட்டு வெர்னெட் கஜோ என்று எழுதினான். படுக்கை ஒன்று மிச்சம் இருக்கிறது, அது அவளுக்குத்தான், இத்தனை செய்ததற்கு இதுகூடச் செய்யாவிட்டால் அம்மா வந்து காதைத் திருகுவாள் என்றான். அவன் போனதும் வெர்னெட் அந்தப் பெயரை அடித்தாள். மறுநாள் அவன் திரும்ப எழுதினான். அவள் திரும்ப அடித்தாள். அந்தப் பக்கம் கிழிகிற வரைக்கும் இது நடந்தது.

கிளம்புவதற்குப் பத்து நாள் இருக்கும்போது அவளுக்கு ஒரு கனவு வந்தது.

சமையலறை வாசலில் ஓர் ஆள் நிற்கிறான். மேலெல்லாம் நனைந்திருக்கிறது. நீலக் கோடு போட்ட அதே சட்டை. முகம் தொப்பி நிழலில் தெரியவில்லை. பசிக்கிறது என்கிறான். என்ன வேண்டும் என்று கேட்க அவள் வாயைத் திறப்பதற்குள் ஆள் இல்லை.

எங்கள் தீவில் இதற்கு அர்த்தம் பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். உயிரோடு இருப்பவனுக்குப் பசித்தால் கதவைத் தட்டிச் சோறு கேட்பான். கனவில் வந்து கேட்டால் ஆள் போய்விட்டான் என்று அர்த்தம். அவனுக்குத் தட்டில் படையல் வைத்து, ஊரைக் கூட்டிச் சோறு போட வேண்டும். அந்தச் சாப்பாட்டுக்குத்தான் சராக்கா என்று பெயர். விடிந்ததும் வெர்னெட் பக்கத்து வீட்டு இடோனியாவிடம் போனாள். கனவுக்கு அர்த்தம் சொல்வதில் இடோனியாவை மிஞ்ச ஆள் கிடையாது. அவள் வாய்க்குப் பயந்தே பாதிப் பேர் கனவு காண்பதில்லை என்பார்கள்.

"சட்டையைக் கண்ணால பாத்தியா?"

"பாத்தேன்டி. ரெண்டாவது பொத்தான் மட்டும் வேற நிறம். அதே சட்டை."

"அப்ப சந்தேகமே வேணாம். போயிட்டான் பாவம்" என்றாள் இடோனியா, அடுப்பில் இருந்த கொக்கோவை இறக்கிக்கொண்டே.

வெர்னெட் அங்கேயே முக்காலியில் உட்கார்ந்து அழுதாள். எத்தனையோ சாவைப் பக்கத்தில் நின்று பார்த்தவள். இதற்கு அப்படி அழுதாள். முப்பது வருஷம் இருந்தது, பன்னிரண்டு மைல்தான் தூரம், சொல்ல வேண்டியது ஒரே வார்த்தை. தன்னைவிட நன்றிகெட்டவள் இந்தத் தீவிலேயே கிடையாது என்று சொல்லிச் சொல்லி அழுதாள். இடோனியாவுக்கே சங்கடமாகிவிட்டது. கொக்கோவில் இன்னும் இரண்டு கரண்டி சர்க்கரையைப் போட்டு அவள் கையில் கொடுத்தாள்.

அன்று சாயங்காலம் விஷயம் கேள்விப்பட்டு வந்த ஆல்டன், மேரோவுக்கு ஒரு போன் போட்டுக் கேட்டால் என்ன என்றான்.

"என்னன்னு கேப்ப?" என்றாள் இடோனியா. "உங்க ஊர்ல அன்செல்ம் செத்துட்டாரான்னா? அவரே எடுத்துட்டார்னா மூஞ்சிய எங்க வச்சுக்குவ?"

அதுவும் சரிதான் என்றான் ஆல்டன். அவரே எடுத்தால் அவர் சாகவில்லை என்று ஆகிவிடுமே என்பது அந்தச் சமையலறையில் ஒருத்தருக்கும் தோன்றவில்லை. நான் இருந்திருந்தால் எனக்கும் தோன்றியிருக்காது. கனவைச் சரிபார்க்கப் போன் போடுகிற வழக்கம் எங்களுக்கு இல்லை.

முதல் பயணத்துக்கு முன்னால் கப்பலுக்காக ஊருக்குச் சோறு போடுவதாக ஆல்டன் ஏற்கெனவே நேர்ந்திருந்தான். அதையும் இதையும் சேர்த்துச் சனிக்கிழமை வைத்துக்கொள்வதென்று முடிவாயிற்று. இடோனியா வானொலிக்கு எழுதிக் கொடுத்தாள். சாவு அறிவிப்புகள் வாசிக்கிற நேரத்தில் மூன்று நாள் வாசித்தார்கள்: மேரோ தீவைச் சேர்ந்த காலஞ்சென்ற அன்செல்ம் அவர்களுக்கு, கரியாக்கூ நர்ஸ் வெர்னெட் கஜோ நன்றியோடு சராக்கா போடுகிறார், அனைவரும் வருக. அதைக் கேட்டதும் வெர்னெட் பெட்டியைத் திறந்து சட்டையை எடுத்தாள். தட்டு வைத்தால் மட்டும் போதாது, சட்டையைக் கல்லறையில் வைத்து, சொல்ல வேண்டியதை அங்கே நின்று சொல்லியாக வேண்டும் என்று அப்போதே தீர்மானித்துவிட்டாள். உயிரோடிருந்த ஆளைப் பார்க்க வராத தைரியம் செத்தவரைப் பார்க்க வந்தது. நோட்டில் புதுப் பக்கம் போட்டு, ஏழாவதாகத் தன் பெயரைத் தானே எழுதினாள். பிறகு நான்கு நாள் உட்கார்ந்து, கல்லறையில் படிப்பதற்கென்று ஒரு காகிதம் எழுதினாள்.

சனிக்கிழமை விண்ட்வர்ட் கடற்கரையில் பதினான்கு அடுப்பு எரிந்தது. ஆண்கள் துடுப்பு மாதிரிக் கட்டையால் சோளமாவைக் கிண்டினார்கள். பெண்கள் வெந்த சோற்றைச் சுரைக்குடுக்கையில் போட்டு உருட்டி உருண்டைகளாக அடுக்கினார்கள். துவரை, ஆட்டுக்கறி, சங்குக் கறி, தேங்காய்ப் பாலில் வெந்த மரவள்ளி. முரசு காலையிலேயே தொடங்கிவிட்டது. கப்பலின் சின்ன அறையில் வெள்ளைத் துணி விரித்து, எல்லாவற்றிலும் கொஞ்சம் எடுத்து வைத்து, மெழுகுவர்த்தி ஏற்றி, கதவைச் சாத்தினார்கள். கப்பல் கரையோடு அணைந்து கிடந்ததால் வெர்னெட் தட்டைக் கரையில் நின்றபடியே எட்டி ஆல்டன் கையில் கொடுத்தாள். அந்த அளவுக்குத்தான் அன்றைக்குத் துணிச்சல் இருந்தது.

அப்புறம் பரிமாறினாள். வந்தவர்களில் பாதிப் பேர் அவள் கையில் பிறந்தவர்கள். தாடி வைத்தவன், பேத்தியோடு வந்தவள், போலீஸ்காரன், பாதிரியாரின் உதவியாள் என்று ஒவ்வொருத்தராக வந்து தட்டை நீட்டி, நர்ஸம்மாவுக்கு நன்றி என்று சொல்லிவிட்டுப் போனார்கள். எனக்கு எதற்கு என்று முதலில் மறுத்துக்கொண்டிருந்தாள். பிறகு மறுப்பதை விட்டுவிட்டாள். எண்பத்தேழுக்கு அப்புறம் பிறந்தவர்களை மட்டும் மனதுக்குள் எண்ணினாள். இருநூறு தாண்டியதும் கண் மங்கி எண்ணிக்கை விட்டுப்போயிற்று. யாரோ ஒருவர் மீனைக் கடலில் கொட்டினார், இத்தனை பேர் இங்கே சாப்பிடுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டாள்.

திங்கள்கிழமை காலை கனடாக்காரர்கள் ஆறு பேரும் கப்பலில் ஏறிவிட்டார்கள். வெர்னெட் துறையில் சட்டைப் பொட்டலத்தோடு நின்றாள். ஏறவில்லை. ஆல்டன் கை கொடுக்கவில்லை. அவளுடைய நோட்டைத் திறந்து சத்தமாக வாசித்தான்.

"ஏழரை மணி. எல்லோரும் கப்பலில் இருக்க வேண்டும். தாமதம் கூடாது. கீழ ரெண்டு கோடு வேற போட்டிருக்கீங்க நர்ஸம்மா. இப்ப ஏழே முக்கால்."

தன் நோட்டுக்கு முன்னால் தானே தாமதமாவது அவளால் பொறுக்க முடியாத விஷயம். கண்ணை மூடிக்கொண்டு ஏறிவிட்டாள்.

முதல் ஒரு மணி நேரம் பாய்மரத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இயந்திரத்தை நிறுத்திப் பாயை ஏற்றினார்கள். சத்தம் அடங்கியதும் கப்பல் ஒரு பக்கம் சாய்ந்தது. அவளுக்கு உயிர் போய் உயிர் வந்தது. அதற்குள் கனடாக்கார அம்மாள் ஒருத்தி முகம் வெளுத்துப்போய் வாளியைத் தேட, இன்னொருத்தர் அந்த அம்மாள் மேலேயே வாந்தி எடுத்துவிட, யார் யாருக்கு இஞ்சி, யாரைப் படுக்கவைப்பது, யாரைக் காற்றில் உட்காரவைப்பது என்று பார்க்க ஆள் வேண்டியிருந்தது. வெர்னெட் எழுந்துவிட்டாள். நான்கு வாளியும் பயன்பட்டது. எல்லாரையும் கவனித்து முடித்துக் கை கழுவியபோதுதான், ஆடுகிற பலகையில் எதையும் பிடிக்காமல் நின்றுகொண்டிருப்பது அவளுக்கே தெரிந்தது. எங்கள் வடக்கு முனை பின்னால் சின்னதாகிக்கொண்டிருந்தது. இந்தத் தடவை தண்ணீருக்கு மேலே நின்று அதைப் பார்த்தாள். கடவுளே நன்றி என்று வாய்விட்டே சொன்னாள்.

கிளிஃப்டனில் முத்திரை குத்திய அதிகாரி, வழிப் பட்டியலில் மேரோ என்று பார்த்துவிட்டு, அந்த வானொலி நர்ஸ் நீங்கள்தானா என்று கேட்டான். ஆமாம் என்றதும் சிரிப்பை அடக்க முடியாமல் குனிந்துகொண்டான். சாவு வீட்டுக்குப் போகிறவளைப் பார்த்துச் சிரிக்கிறானே, இவனை யார் வளர்த்தது என்று வெர்னெட் வழியெல்லாம் பொருமினாள்.

செவ்வாய்க்கிழமை விடிந்ததும் கப்பல் அடுப்பிலேயே புதிதாகச் சமைத்தாள். உருட்டிய சோறு, துவரை, தேங்காய்ப் பாலில் உப்புக் கருவாடு. ஒரு தட்டில் வைத்து மூடிக் கட்டினாள். பத்து மணிக்கு மேரோவின் துறை தெரிந்தது. துறை முனையில் தொப்பி போட்ட கிழவர் ஒருவர் நின்று, ஆல்டன் கப்பலை அணைக்கிற அழகைப் பார்த்துத் திட்டிக்கொண்டிருந்தார்.

"கயிறை இப்படியாடா வீசுவாங்க? உன்கிட்ட யாரு கப்பலைக் குடுத்தது?"

திட்டிக்கொண்டே கயிற்றைப் பிடித்து, இரண்டு சுற்றில் கட்டியும் விட்டார். வெர்னெட் தட்டோடும் பொட்டலத்தோடும் இறங்கினாள். கறுப்பு உடை பையில் இருந்திருந்தால் அதையும் உடுத்தியிருப்பாள், அப்படி ஒரு முகம். அந்தக் கிழவரிடமே பணிவாகக் கேட்டாள்.

"ஐயா, இங்க அன்செல்ம்னு ஒருத்தர் இருந்தார். அவரோட கல்லறை எந்தப் பக்கம்னு சொன்னா புண்ணியமாப் போகும்."

கிழவர் தொப்பியைக் கழற்றினார்.

"இன்னும் தோண்டலை நர்ஸம்மா. அவசரம்னா சொல்லுங்க, பசங்களைக் கூப்பிடறேன்."

வெர்னெட் அவரை நிமிர்ந்து பார்த்தாள். முப்பது வருஷத்துக்கு முன்னால் நனைந்த கண்ணால் பார்த்த முகத்தை இந்தச் சுருக்கங்களுக்குள்ளே தேடினாள். மேல் உதட்டில் அந்தத் தழும்பு இருந்தது. தட்டை ஆல்டன் வாங்கியிராவிட்டால் கடலில் போயிருக்கும். அவள் அன்செல்மின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, என்ன பேசுகிறோம் என்று தெரியாமல், மன்னித்துக்கொள்ளுங்கள், செத்துவிட்டீர்கள் என்று நினைத்துவிட்டேன் என்று திரும்பத் திரும்பச் சொன்னாள்.

அன்செல்மோ அனுபவித்துக் கதை சொன்னார். முகம் மழித்துக்கொண்டிருந்தபோது வானொலியில் கேட்டாராம். அடுப்படியிலிருந்து மனைவி ஓடிவந்து அவரைத் தொட்டுப் பார்த்தாளாம். "அதுலேர்ந்து இந்த ஊர்ல எவனும் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிடறதில்ல. காலஞ்சென்றவரே, மீன் கிடைச்சுதாங்கறான்" என்றார். சனிக்கிழமையே கிளம்பி வந்திருப்பாராம், தன் சராக்காவுக்குத் தானே போகாமல் இருந்தால் எப்படி, படகில் பாய் கிழிந்து தைக்கக் கொடுத்திருந்ததால்தான் முடியவில்லையாம். பிறகு ஆல்டன் கையில் இருந்த தட்டைப் பார்த்தார். அது எனக்குத்தானே என்று கேட்டு வாங்கி, துறைப் பலகையிலேயே உட்கார்ந்து சாப்பிடத் தொடங்கினார்.

கருவாடு நன்றாக இருக்கிறது என்றார். கொஞ்ச நேரம் மென்றுவிட்டு, "அன்னைக்கு வழியெல்லாம் ஒரு பிள்ளையைப் பத்தியே பொலம்பிட்டு வந்தீங்க. காலையிலதான் எடுத்தேன், தொப்புளைச் சரியாக் கட்டினேனான்னு தெரியலைன்னு. அந்தப் பிள்ளை பிழைச்சுதா?" என்றார்.

"கயிறு வீசத் தெரியலைன்னு இவ்வளவு நேரம் திட்டினீங்களே, அவன்தான்" என்றாள் வெர்னெட்.

அன்செல்ம் மெல்வதை நிறுத்தினார். ஆல்டனைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார், அவன் பின்னால் நின்ற கப்பலையும் பார்த்தார். கையைச் சட்டையில் துடைத்துவிட்டு அவன் கையைப் பிடித்துக் குலுக்கினார்.  தொப்புள் நன்றாகத்தான் இருக்கிறது என்று ஆல்டன் ஏதோ உளறினான்.

வெர்னெட் காகிதத்தை எடுத்தாள். கல்லறைக்கென்று எழுதியது, உயிரோடு உட்கார்ந்து சாப்பிடுகிறவர் எதிரே எப்படிப் படிப்பது? மடித்துவிட்டாள். "நன்றிங்க" என்றாள். "முப்பது வருஷம் லேட்டு. நன்றிங்க."  பொட்டலத்தைப் பிரித்துச் சட்டையை அவர் மடியில் வைத்தாள்.

அன்செல்ம் அதை விரித்தார். வேறு நிறத்திலிருந்த இரண்டாவது பொத்தானைக் கட்டைவிரலால் தடவினார். அவர் முகத்திலிருந்த சிரிப்பெல்லாம் போய்விட்டது.

"இது என்னோடது இல்ல நர்ஸம்மா. எங்க அண்ணன் இக்னேஷியஸோடது. கோயிலுக்குப் போடறதுக்குன்னு அவன் வச்சிருந்த ஒரே சட்டை. மீனை வித்துட்டு அப்படியே கிளிஃப்டன்ல ஒரு பொண்ணைப் பாத்துட்டு வரலாம்னு, அவனுக்குத் தெரியாம எடுத்துட்டுப் போனேன். வெறும் உடம்போட திரும்பி வந்தேனா, ஒரு வருஷம் என்கூடப் பேசலை."

 கிறிஸ்துமஸ் கிறிஸ்துமஸாகத் தேய்த்துத் தேய்த்துப் பெட்டியில் பூட்டினாளே, இங்கே ஒருவர் கோயிலுக்குப் போடச் சட்டை இல்லாமல் இருந்தாரே என்று வெர்னெட் துடித்துப்போனாள். அன்செல்ம் தலையை ஆட்டினார்.

"அப்புறம் மாறிட்டான். ஊர்ல ஒருத்தரை விடமாட்டான். காப்பாத்தினது இவன், சட்டை என்னோடதுன்னு சொல்லாத நாள் கிடையாது. சாகற வரைக்கும் சொன்னான்."

"எப்ப போனார்?"

"இன்னையோட மூணு வாரம். காய்ச்சல்ல கிடந்தான், ஒரு வாய் சோறு இறங்கலை." அன்செல்ம் அவளை நிமிர்ந்து பார்த்தார். "நீங்க கனவு கண்டது என்னைக்கு?"

பதினொரு நாளைக்கு முன்னால் என்றாள் வெர்னெட். நனைந்த சட்டை, தொப்பி நிழல், தெரியாத முகம், பசிக்கிறது என்ற குரல், எல்லாவற்றையும் சொன்னாள். நான்தான் என்று எப்படி நினைத்தீர்கள் என்று அவர் கேட்கவில்லை. தட்டில் பாதிச் சோறு மிச்சம் இருந்தது. துணியை எடுத்து அதை மூடினார்.

மூன்று பேருமாகக் குன்றேறினார்கள். கல்லறை கோயிலுக்குப் பின்னால் இருந்தது. மண் இன்னும் அமுங்கவில்லை, சுற்றிலும் சங்கு பதித்திருந்தார்கள். அன்செல்ம் தட்டைத் தலைமாட்டில் வைத்துத் துணியை எடுத்தார். வெர்னெட் சட்டையை விரித்துக் காற்றில் பறக்காமல் நான்கு மூலையிலும் சங்கை வைத்தாள். கீழே கப்பலின் பாய் தெரிந்தது, பக்கத்தில் கனடாக்காரர்கள் தொப்பியோடு தண்ணீரில் நின்றுகொண்டிருந்தார்கள். அவள் காகிதத்தைப் பிரித்தாள். மேலே அன்செல்ம் அவர்களுக்கு என்று இருந்தது. பேனாவை எடுத்து, அன்செல்முக்கும் இக்னேஷியஸுக்கும் என்று திருத்திக்கொண்டு, குரலைச் சரிசெய்து படிக்கத் தொடங்கினாள்.

"நிறுத்துங்க" என்றார் அன்செல்ம். "அவன் பேரை முதல்ல சொல்லுங்க."

வெர்னெட் கண்ணைத் துடைத்துக்கொண்டு முதலிலிருந்து படித்தாள்.